ஒன்றரை மணி நேரத் தூரம்

கனடாவின் வடகோடியில் றெசொலியூட், கிரைஸ் ஃபியோர்ட் என இரு சிறு குடியிருப்புகள் உள்ளன. இரண்டிலும் சரளைக்கல் ஓடுபாதைகள் உண்டு. அவற்றுக்கிடையே வான்வழித் தூரம் சுமார் 385 கிலோ மீற்றர். 'ட்வின் ஒட்டர்' எனும் சிறு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். அதுவும் வானிலை இடங்கொடுத்தால் மட்டுமே. தரைவழி வீதி கிடையாது. கடலோ ஆண்டின் பெரும்பகுதியும் உறைந்து கிடக்கும்.

ஆனால் இந்தத் தூரத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. கனடாவில் வாழும் எம்மவரிற் பலர் அறியாத வரலாறு அது.

1953இல் கனடிய அரசாங்கம், கியூபெக் மாகாணத்தின் வடபகுதியில் உள்ள இனுக்ஜுவாக்கைச் சேர்ந்த இனுயிட் குடும்பங்களைக் கப்பலேற்றி, ஏறத்தாழ 2,000 கிலோ மீற்றர் வடக்கே கொண்டு சென்றது. 1955இல் மேலும் சிலர் அனுப்பப்பட்டனர். மொத்தம் சுமார் 90 பேர். அங்கே வேட்டை வளம் மிகுதி, விரும்பாவிடின் இரண்டு ஆண்டுகளில் திரும்பி வரலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

எல்லோரும் ஓரிடத்திலேயே குடியேறுவோம் என்றுதான் அவர்கள் எண்ணியிருந்தனர். தாம் பிரிக்கப்படப் போவதைக் கப்பலில் வைத்தே அறிந்தனர். சிலர் றெசொலியூட்டில் இறக்கப்பட்டனர். ஏனையோர், இன்று கிரைஸ் ஃபியோர்ட் இருக்கும் எல்ஸ்மியர் தீவின் தென்கரையில் விடப்பட்டனர். இன்று விமானி ஒன்றரை மணி நேரத்தில் கடக்கும் தூரம், அன்று உறவுகளைப் பிரித்த தூரம்.

அவர்களது சொந்த ஊரில் குளிர்காலத்திலும் சூரியன் உதிக்கும். புதிய இடத்திலோ மாதக்கணக்கில் இருள். இனுயிட் மொழியில் றெசொலியூட்டுக்கு 'விடியல் இல்லாத இடம்' என்றும், கிரைஸ் ஃபியோர்ட்டுக்கு 'பனி உருகாத இடம்' என்றும் பொருள்படும் பெயர்கள் வழங்குகின்றன.

வேட்டை குறைந்து மக்கள் அரச உதவியில் தங்கியிருந்தமையே காரணம் என்றது அரசாங்கம். கெடுபிடிப்போர்க் காலத்தில் ஆர்க்டிக் மீதான இறைமையை நிலைநாட்டத் தம்மைக் கொடிக்கம்பங்களாக நட்டார்கள் என்றனர் அம்மக்கள். இதனை மறுக்கும் ஆய்வாளரும் உளர். ஆயினும், திரும்பி வரலாம் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை என்பதுதான் என் கண்ணில் முக்கியமானது.

இதில் ஒரு கொடுமை உண்டு. றெசொலியூட்டில் 1940களின் பிற்பகுதியிலேயே வானிலை நிலையமும் விமானத் தளமும் அமைந்துவிட்டன. அங்கு குடியேற்றப்பட்டவர்கள் தளத்திலிருந்து விலக்கியே வைக்கப்பட்டனர். விமானங்கள் வந்து போயின. ஊர் திரும்ப அவர்களுக்கு மட்டும் வழியில்லை.

அந்தக் கப்பலில் சிறுவனாகச் சென்ற ஜோன் அமகோவாலிக், 1999இல் உருவான நுனாவுட் பிரதேசத்தின் தந்தை எனப் பின்னாளில் போற்றப்பட்டார். 1980களின் இறுதியிலேதான் அரச செலவில் ஒரு தொகுதியினர் ஊர் திரும்ப முடிந்தது. 1996இல் ஒரு கோடி டொலர் நம்பிக்கை நிதியம் ஏற்படுத்தப்பட்டது. அரசாங்கம் முறைப்படி மன்னிப்புக் கோரியது 2010 ஓகஸ்ட் 18இல். முதற் கப்பல் புறப்பட்டு 57 ஆண்டுகள் கடந்திருந்தன.

'மீள்குடியேற்றம்' என்ற சொல்லை எனது பத்திரிகைப் பணியில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். எத்தனை குடும்பங்கள், எவ்வளவு தூரம், எத்தனை நாட்கள் என்ற கணக்குகளை அதிகாரிகள் தட்டாமல் தருவார்கள். திரும்பிப் போகும் வழி யாருடைய கையில் இருக்கிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும். கப்பலேறும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது.