முகம் தெரியும் வெந்நீர்: இல்லப் பீர் கையேடுகளில் அளவுமொழியும் மொழிபெயர்ப்பும்

வில்லியம் காபெட் என்னும் ஆங்கில இதழாசிரியர் 1821–22ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்ட 'காட்டேஜ் எகானமி' என்னும் நூல், உழைக்கும் குடும்பத்தினர் தம் தேவைகளைத் தாமே நிறைவு செய்துகொள்ளும் வழிகளைக் கூறுவது. ரொட்டி சுடுதல், பசு வளர்த்தல், பன்றி வளர்த்தல் ஆகியவற்றுக்கு முன்னதாக, வீட்டில் பீர் ஆக்கும் முறையே அதில் முதலிடம் பெறுகிறது. அப்பகுதியில் ஓரிடம் மொழியியலாரின் கவனத்திற்கு உரியது. முளைக்கட்டி உலர்த்திய வாற்கோதுமையாகிய மால்ட்டை வெந்நீரில் இடுவதற்கு முன் நீர் எவ்வளவு ஆறியிருக்க வேண்டும் என்பதைக் காபெட் இரு வகையாகச் சொல்கிறார். வெப்பமானி உள்ளவருக்குப் பாரன்ஹீட் அளவில் 170 பாகை. இல்லாதவருக்கு வேறொரு விதி: தொட்டிக்குள் நோக்கும்போது நீரில் தம் முகம் தெளிவாகத் தெரியுமானால் நீர் வேண்டிய அளவு ஆறிவிட்டது என்று கொள்ளலாம்.

ஒரே செய்திக்கு இரு அளவுமொழிகள் அடுத்தடுத்து நிற்பது தற்செயலன்று. முன்னது கருவியின் மொழி. பின்னது உடம்பின் மொழி. வீட்டில் பீர் ஆக்கக் கற்பிக்கும் ஆங்கில நூல்களின் வரலாறு, பெரும்பாலும் பின்னதிலிருந்து முன்னதற்கு நகர்ந்த வரலாறே ஆகும். அந்நகர்வில் எது இடம் மாறியது, எது விடுபட்டது என்பதை அறியாமல் இத்தகைய நூலைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர், சொல்லுக்குச் சொல் சரியாகவும் செயலில் தவறாகவும் எழுத நேரும்.

இடைக்கால இங்கிலாந்தில் இத்தொழில் பெரும்பாலும் பெண்களுடையது. 'புரூஸ்டர்' என்னும் சொல்லே அதற்குச் சான்று. பழைய ஆங்கிலத்தில் பெண்பாற் செயலியைக் குறித்த விகுதியின் வழிவந்தது அதன் ஈறு. நெய்பவளைக் குறித்த 'வெப்ஸ்டர்', ரொட்டி சுடுபவளைக் குறித்த 'பாக்ஸ்டர்' ஆகியனவும் அவ்வாறே. பின்னர் ஆண்பாற்கும் பொதுவாகி, இன்று இவை குடும்பப் பெயர்களாக எஞ்சியுள்ளன. 1300 முதல் 1600 வரையிலான காலத்தில் இத்தொழில் பெண்கள் கையிலிருந்து நழுவியதை ஜூடித் பென்னெட் 1996இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஹாப்ஸ் என்னும் கொடியின் பூங்கொத்து சேராத ஏல் விரைவில் கெட்டது. வீட்டளவிலான ஆக்கத்திற்கே அது பொருந்தும். தாழ்நிலை நாடுகளிலிருந்து வந்த, ஹாப்ஸ் சேர்ந்த பீரோ நெடுநாள் நின்றது. பெருமுதலுக்கும் பெருந்தொட்டிக்கும் வழிவகுத்தது. ஏல், பீர் என்னும் சொற்களின் வேறுபாடு அக்காலத்தில் இந்த ஹாப்ஸ் ஒன்றையே பற்றியது. இன்றைய வழக்கிலோ அது நொதிக்கும் முறையைப் பற்றியது. எனவே மூலநூலின் ஆண்டைப் பார்க்காமல் இவ்விரு சொற்களையும் பெயர்க்க இயலாது.

ஜெர்வாஸ் மார்க்கம் 1615இல் வெளியிட்ட இல்லத்தரசிக்கான நூலில் மால்ட் செய்தலும் பீர் ஆக்குதலும் இடம்பெறுகின்றன. எழுதியவர் ஆண், ஆனால் அந்நூல் ஒரு சீமாட்டியிடமிருந்த கையெழுத்துப் படியைச் சார்ந்தது என்று அதிலேயே கூறப்படுகிறது. கூற்று உண்மையாயினும் விற்பனை உத்தியாயினும், அறிவுக்கு உரியவள் பெண் என்ற எண்ணம் வாசகரிடம் நிலவியதை அது காட்டுகிறது. இக்காலத்து நூல்கள் அளவைச் சொல்லாமல் விடுவதைக் குறையாகக் கருதுவதற்கில்லை. அவற்றைப் படித்தவள் தாயின் அருகில் நின்று அச்செயலைப் பார்த்தவள். நூல் அவளுக்கு நினைவூட்டலே அன்றிக் கற்பித்தலன்று.

காபெட்டின் வாசகர் நிலை வேறு. சசெக்ஸ் உழவர் ஒருவர் பாராளுமன்றக் குழுவின்முன் அளித்த சாட்சியத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார்: நாற்பது ஆண்டுகளுக்கு முன் தம் ஊரில் வீட்டில் பீர் ஆக்காத உழைப்பாளியே இல்லை, இன்று மால்ட் இலவசமாகக் கிடைத்தாலன்றி ஆக்குபவர் எவருமில்லை. இதற்குக் காபெட் கண்ட காரணங்களுள் 1697 முதல் நிலவிய மால்ட் வரி முதன்மையானது. தேநீரின்மீது அவர் காட்டும் சினத்தை அளவு மீறியது என்றே சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு தலைமுறை இடைவெளியில் அறிவுத்தொடர் அறுந்தது என்ற அவர் உணர்வு பொய்யன்று. தொடக்கநிலையினருக்கான நூல் என்னும் இலக்கிய வகை அத்தகைய அறுபட்ட இடத்தில்தான் தோன்றுகிறது. வீட்டில் எல்லாரும் செய்யும் செயலுக்கு எவரும் கையேடு எழுதுவதில்லை.

இதற்குள் ஆலைகளில் கருவியின் மொழி வேரூன்றிவிட்டது. மைக்கேல் கோம்புரூன் 1758இல் வெளியிட்ட கட்டுரையில் வெப்பமானியின் பயனை வலியுறுத்தினார். ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் சாற்றின் அடர்த்தியை அளக்கும் சாக்கரோமீட்டர் பற்றி எழுதினார். காபெட்டின் 170 பாகை அவ்வழி வந்த எண். முகம் தெரியும் விதியோ சமையலறை வழி வந்தது.

இவ்விதி எதனால் பயன்பட்டது என்பதை நோக்க வேண்டும். மால்ட்டில் உள்ள மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதிகள் ஏறத்தாழ 65 முதல் 68 செல்சியஸ் பாகையில் நன்கு செயற்படுகின்றன. சூடு மிகுந்தால் சிதைகின்றன. குளிர்ந்த மால்ட்டை இட்டதும் நீரின் சூடு குறையும்; ஆதலின் 77 செல்சியஸ் பாகையில், அதாவது காபெட்டின் 170இல், தொடங்குவது பொருந்தும். நீர்ப்பரப்பின்மீது வெண்ணிற ஆவி அடர்ந்திருக்கும்வரை முகம் தெரியாது. அவ்வாவி எப்போது விலகும் என்பதோ நீரின் சூட்டை மட்டுமன்றிச் சுற்றியுள்ள காற்றின் தன்மையையும் பொறுத்தது. குளிர்ந்த காற்றில் ஈரம் உடனே நுண்துளிகளாகித் தென்படும். வெம்மையான காற்று ஈரத்தைக் கண்ணுக்குப் புலப்படாமலே ஏற்றுக்கொள்ளும். எனவே சென்னையின் கோடைப் பகலில் இதே விதியைப் பின்பற்றுபவருக்கு முகம் முன்னதாகவே தெரிந்துவிடும். அவர் மால்ட்டை இடும்போது நீர் மிகுந்த சூட்டில் இருக்கும், நொதி சிதையும், மாவு சர்க்கரையாகாது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆயினும் விதி பொய்த்துவிடும். 'மார்ச்சு பீர்', 'அக்டோபர் பீர்' என்னும் ஆங்கிலத் தொடர்களும் இத்தகையனவே. அங்கு மாதப்பெயர் நாளைக் குறிப்பதன்று. காற்றின் குளிர்ச்சியைக் குறிப்பது. அவற்றைப் பங்குனி, ஐப்பசி என மாற்றுவதால் பயனில்லை.

இதற்கு மாறாக, அப்போது கறந்த பாலின் சூடு என்னும் அளவு எந்நாட்டிலும் மாறாது. பசுவின் உடல்வெப்பம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே உடம்பின் மொழி முழுவதையும் நம்பத்தகாதது என ஒதுக்குவது தவறு. உயிருடம்பைச் சார்ந்த அளவு எல்லை கடக்கும். காற்றைச் சார்ந்தது கடக்காது. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளருக்கு அகராதியைவிட உதவும்.

எண்ணாலான அளவும் தன்னளவில் பாதுகாப்பானதன்று. மால்ட் வரி 1880இல் நீங்கிய பின்னும், பிரிட்டனில் வீட்டில் பீர் ஆக்க உரிமம் தேவைப்பட்டது. 1963இல்தான் அது நீக்கப்பட்டது. அவ்வாண்டே சி. ஜே. ஜே. பெர்ரியின் கையேடு வெளிவந்தது. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டத்திற்குப் பின், 1984இல் சார்லி பப்பாசியனின் நூல் புகழ்பெற்றது. இருநாட்டு நூல்களும் 'காலன்' என்றே எழுதுகின்றன. பிரிட்டிஷ் காலன் 4.55 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.79 லிட்டர். பின்னது ஆன் அரசி காலத்து ஒயின் காலனின் எச்சம். ஐந்து காலன் என்ற ஒரே தொடர் ஒரு நூலில் ஏறத்தாழ 23 லிட்டரையும் மற்றொன்றில் 19 லிட்டரையும் சுட்டும். புட்டியில் அடைக்கும்போது நுரைப்புக்காகச் சேர்க்கும் சர்க்கரையின் அளவில் பிழை நேர்ந்தால் விளைவு கடுமையானது. பைன்ட் ஒன்றுக்கு அரைத் தேக்கரண்டி என்பதைத் தமிழில் 'அரைக் கரண்டி' என்று எழுதிவிட்டால், கரண்டி என்பதை அகப்பையாகக் கொள்ளும் வாசகரின் புட்டி வெடிக்கும்.

கலைச்சொற்களின் சிக்கல் இன்னும் தீரவில்லை. 'புரூ' என்னும் வினைக்குக் 'காய்ச்சு' என்று எழுதுவோர் உளர். காய்ச்சுதல் இன்றைய வழக்கில் சாராயம் வடிப்பதைச் சுட்டுவதால், வேறொரு தொழிலும் அதனோடு ஒட்டிய குற்றப்பொருளும் வாக்கியத்தில் புகுந்துவிடுகின்றன. இறக்குதல் கள்ளுக்கே உரியது. 'என்சைம்', 'ஃபெர்மென்ட்' ஆகிய இரண்டுக்கும் 'நொதி' என்னும் ஒரே அடியை ஆள்வதும் பீர் ஆக்கத்தில் குழப்பம் தரும். மால்ட்டின் நொதி செயற்படுவது ஒரு கட்டம், ஈஸ்ட் செயற்படுவது பிறிதொரு கட்டம். ஆங்கிலத்திலும் இக்குழப்பம் இருந்தது. 1877இல் கூனே 'என்சைம்' என்னும் சொல்லை ஆக்கிய பின்னரே தெளிந்தது. அச்சொல்லின் கிரேக்கப் பொருளும் 'ஈஸ்ட்டில் உள்ளது' என்பதே.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை இங்கு நினைக்கத்தக்கது. வீட்டில் ஆக்கிய தோப்பி என்னும் கள்ளைக் கூறுமிடத்து அது 'அடுதல்' என்னும் வினையை ஆள்கிறது. பிறிதோரிடத்தில் அரிசிக் கூழை அகன்ற வாயுடைய தட்டில் ஆற்றி, அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழியும் முறை வரிசையாகக் கூறப்படுகிறது. அவ்வடையை நெல்முளை கொண்டு செய்ததாகப் பொருள்கொள்ளும் உரைமரபு உண்டு. அவ்வாறாயின் மால்ட்டின் வேலையைச் செய்தது அதுவே. அகன்ற தட்டும் இருநாள் எல்லையும் வெப்பநாட்டிற்கு உரிய அளவுகள். அடையின் தோற்றத்தைக் கூறப் புலவர் பாம்பு உறையும் புற்றின் உள்ளே காணப்படும் புற்றாஞ்சோற்றை உவமை காட்டுகிறார். இப்பகுதியை ஆங்கிலமாக்குபவர், கறையான் புற்றை உடைத்துப் பார்த்திராத வாசகருக்கு அடை எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதை வேறு எந்தப் பொருளைக் காட்டி விளக்குவார் என்பது, காபெட்டின் முகம் தெரியும் வெந்நீரைத் தமிழாக்குபவருக்கு எழும் அதே வினாவாகும்.