பத்தில் ஒன்பது: குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையை அளந்த கதை

இன்னைக்கு கேஸ்ட்ரோஸ்கிசிஸ் என்கிற பிறவிக் குறைபாட்டைப் பத்திப் பேசப் போறோம். குழந்தை பிறக்கும்போதே தொப்புளுக்குப் பக்கத்தில் வயிற்றுச் சுவரில் ஒரு ஓட்டை இருக்கும். அது வழியா குடல் வெளியே வந்திருக்கும்.

1960-கள் வரைக்கும் பணக்கார நாடுகளிலேயே இந்தக் குழந்தைகள் பிழைக்கிறது அபூர்வம். ரெண்டு விஷயங்கள் அதை மாத்திச்சு. ஒண்ணு, குடலை ஒரு பையில பாதுகாத்து, சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே அனுப்புற முறை. இன்னொண்ணு, ரத்தக்குழாய் வழியாகவே முழு ஊட்டச்சத்தும் கொடுத்து ஒரு குழந்தையை வளர வைக்கலாம்னு 1968-ல் ஃபிலடெல்ஃபியாவின் ஸ்டான்லி டட்ரிக் குழு வெளியிட்ட ஆய்வு.

ஆனா உலக சுகாதாரக் கணக்குல அறுவை சிகிச்சைக்கே ரொம்ப நாளா பெரிய இடம் இல்லை. 2015-ல்தான் லான்செட் ஆணையம் 500 கோடி பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டலைன்னு சொல்லி, 6 அளவுகோல்களை வச்சது. அதுல ஒண்ணு: 1 லட்சம் பேருக்கு வருஷத்துக்கு 5,000 அறுவை சிகிச்சைகள். நல்ல இலக்குதான். ஆனா இது மொத்தக் கணக்கு. பச்சிளம் குழந்தைக்கு ஒரு அறுவை சிகிச்சைகூட செய்யாமலே ஒரு நாடு இதை எட்டிடலாம். 2019-ல் வந்த ஒரு மதிப்பீடு, இந்த வசதி எட்டாத குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் மட்டுமே 170 கோடின்னு சொல்லுது.

சரி, குழந்தைகளுக்கு எதை வச்சு அளக்கிறது? கேஸ்ட்ரோஸ்கிசிஸ் இங்கேதான் உதவுது. இந்தக் குழந்தைகளில் பலருக்கு வேற பெரிய குறைபாடு இருக்காது. அதனால பிழைக்கிறதும் பிழைக்காததும் ஸ்கேன், ஆம்புலன்ஸ், நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவுன்னு மொத்த அமைப்பையும் பொறுத்தது.

2021-ல் 74 நாடுகள், 264 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒண்ணு லான்செட்ல வெளியாச்சு. கேஸ்ட்ரோஸ்கிசிஸால் இறந்தவர்கள்: பணக்கார நாடுகளில் 139 குழந்தைகளில் 2. நடுத்தர வருமான நாடுகளில் 304-ல் 97. ஏழை நாடுகளில் 10-ல் 9.

எல்லாரும் அந்த 90 சதவீதத்தைத்தான் பார்ப்போம். அந்த '10' என்கிற எண்ணையும் பாருங்க. இது மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த குழந்தைகளின் கணக்கு. வழியிலேயே, வீட்டிலேயே இறந்த குழந்தை இதுல எங்கேயும் இல்லை. நாளைக்கு ஆம்புலன்ஸ் வசதி வந்து 50 குழந்தைகள் வந்து சேர்ந்தா, மருத்துவமனை பதிவேட்டில் மரணங்கள் கூடினாலும் கூடலாம். அதைத் தோல்வின்னு படிச்சு நிதியை வெட்டினா, முன்னேற்றத்தைத்தான் வெட்டுறோம்.

அதனால சதவீதத்தைப் பார்க்கும்போது, 'எத்தனை பேர்ல?'ன்னும் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.