களவுக்குப் பின் வரைவு: தாய்லாந்தின் ஆண்காதல் தொடர்களைக் கோவை இலக்கணத்தால் அளத்தல்

1. பொருளும் எல்லையும்

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் 14 கிலோமீட்டர்ப் பாதையில் மலையின் மறுபக்கத்துக்கு வரும்போது அடி அண்ணாமலையைக் கடக்கிறார்கள். ஆதி அண்ணாமலையார் கோயில் இங்கே இருக்கிறது. மாணிக்கவாசகருக்குத் தனிக்கோயிலும் உண்டு. திருவெம்பாவையின் 20 பாடல்களையும் அவர் இங்கிருந்துதான் பாடினார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

அந்தப் பாடல்கள் கடல் கடந்தன. பாங்காக்கில் அரசவைப் பிராமணர்கள் மார்கழி, தை ஒட்டி நடத்தும் சடங்குக்கு இன்றும் திரியம்பவாய், திரிபவாய் என்றே பெயர். திருவெம்பாவையும் திருப்பாவையும் அவ்வூர் நாவில் அப்படி ஆகியிருக்கின்றன. 1784இல் எழுந்த பேரூஞ்சலில் ஆடுவது இச்சடங்கின் உச்சமாக இருந்தது. 1935இல் ஊஞ்சலாட்டம் நின்றது, ஓதுதல் நிற்கவில்லை.

அதே பாங்காக்கிலிருந்து இன்று இன்னொரு காதற்பாட்டு உலகெங்கும் போகிறது. ஆணும் ஆணும் காதலிக்கும் தொலைக்காட்சித் தொடர்கள் அவை. அங்கே அவற்றை 'வாய்' தொடர்கள் என்கிறார்கள். தமிழ்நாட்டு இளையோரும் வசனவரி படித்து அவற்றைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். இவற்றை எடைபோட வெளியிலிருந்து அளவுகோல் தேட வேண்டியதில்லை. மாணிக்கவாசகரே கையாண்ட கோவை இலக்கணம் போதும் என்பது இக்கட்டுரையின் முதல் கருத்து. அந்த அளவுகோலைத் திருப்பி நம் திரையின்மீது வைத்தால் தெரியும் குறை இரண்டாவது கருத்து.

எல்லை ஒன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தொல்காப்பியம் காதலைத் தலைவன், தலைவி என்ற இணையாகவே கொள்கிறது. தன்பால் காதலுக்கு அதில் இடமிருந்தது என்று இங்கே வாதாடவில்லை. காதல் என்னும் நிகழ்வை வரிசைப்படுத்தும் முறை மட்டுமே அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2. கோவையும் தொடரும்

சங்க அகப்பாட்டு ஒவ்வொன்றும் தனித்து நிற்பது. முன்கதையும் பின்கதையும் கேட்பவர் மனத்தில் இருக்கும். கோவை அந்தத் தனித்தனிக் கணங்களை ஒரே நூலில் கோத்தது. மாணிக்கவாசகர் பாடிய திருக்கோவையாரின் 400 பாடல்கள் 25 பகுதிகளாக, முதற் காட்சியில் தொடங்கிப் பரத்தையிற் பிரிவின் ஊடலில் முடிகின்றன. பாங்கற் கூட்டம், மடற்றிறம், உடன்போக்கு, வரைவு முடுக்கம் என்று அடுத்தடுத்த படிகள். அடுத்து எந்தத் துறை வரும் என்பது படிப்பவருக்குத் தெரியும். கதை என்ன ஆகும் என்ற பதைப்பில் யாரும் கோவை படிப்பதில்லை. அறிந்த துறையை இந்தப் புலவன் எப்படிச் சொல்கிறான் என்பதில்தான் சுவை.

தாய்லாந்துத் தொடரின் ரசிகரும் அப்படித்தான். பொய்க் காதலாகத் தொடங்குவது, தடுக்கி விழுபவனைத் தாங்குவது, காய்ச்சலில் கிடப்பவனுக்கு ஈரத்துணி வைப்பது, மூன்றாமவனைக் கண்டு பொறாமைப்படுவது, மேடையில் பாடி மனம் திறப்பது, முடிவுக்கு முந்தைய வாரத்தில் பிரிவது. இவற்றை எதிர்பார்த்தே அவர் வந்து உட்காருகிறார். பன்னிரண்டு வாரத் தொடரானால் பதினோராம் வாரத்தில் கண்ணீர் நிச்சயம் என்று ரசிகர்கள் தமக்குள் கேலி பேசுவதும் உண்டு.

நம் துறைகளோடு ஒட்டிப் பார்த்தால் உறவு இன்னும் தெளிவாகும். ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டவளைக் கரையேற்றியதால் பிறந்த காதலைப் புனல்தரு புணர்ச்சி என்றும், யானையிடமிருந்து காத்ததால் பிறந்ததைக் களிறுதரு புணர்ச்சி என்றும் நம் மரபு பிரித்தது. ஆபத்தில் கைகொடுப்பது தொடுவதற்கு அனுமதியாகிறது. தடுக்கி விழும் காட்சியும் காய்ச்சல் காட்சியும் அதே வேலையைத்தான் செய்கின்றன. மடலேறுவேன் என்று ஊர் நடுவே மானத்தைப் பணயம் வைத்த தலைவனின் இடத்தில் இன்று கிட்டாரோடு மேடையேறும் மாணவன் நிற்கிறான்.

3. துறைகளின் வரலாறு

இந்தத் துறைத்தொகுதி தாய்லாந்தில் முளைத்ததன்று. 1970களில் ஜப்பானில் ஹாகியோ மோட்டோ, தாகெமியா கெய்கோ போன்ற பெண் ஓவியர்கள் இளம்பெண்களுக்கான சித்திரக்கதைகளில் பையன்களின் காதலை வரைந்தார்கள். ஹாகியோவின் 'தாமஸின் இதயம்' 1974இலும், தாகெமியாவின் 'காற்றும் மரமும் பாடும் கவிதை' 1976இலும் வரத் தொடங்கின. அங்கிருந்து தாய்லாந்தின் இணைய நாவல்களுக்கும், நாவல்களிலிருந்து தொலைக்காட்சிக்கும் அது நகர்ந்தது. 2007இல் வந்த 'லவ் ஆஃப் சியாம்' திரைப்படம் முன்னோடி. 2014இல் 'லவ் சிக்', 2016இல் 'ஸோட்டஸ்', 2020இல் '2கெதர்' என்று தொடர்கள் பெருகின.

'2கெதர்' ஒளிபரப்பான மாதங்கள் பெருந்தொற்று ஊரடங்கின் மாதங்கள். பிப்ரவரி 21இல் தொடங்கி 13 பகுதிகள் ஓடி மே மாதத்தில் முடிந்தது. யூடியூபிலும் கிடைத்ததால் வீட்டில் அடைபட்டிருந்த ஆசியா முழுவதும் அதைப் பார்த்தது. பல நாட்டு இளையோரை இந்த வகைக்குள் கொண்டுவந்தது இந்த ஒரு தொடர்தான் என்பது மிகையாகாது.

4. இணைகளின் வகைப்பாடு

4.1 கைக்கிளை ஐந்திணையாதல். '2கெதர்' கதை எளியது. தன்னை விடாமல் துரத்தும் கிரீனை விலக்க, சட்ட மாணவன் தைன், கிட்டார் வாசிக்கும் சாரவத்தைக் காதலனாக நடிக்கக் கேட்கிறான். சாரவத் முன்பே ஓர் இசை நிகழ்ச்சியில் தைனைக் கண்டு மனம் கொடுத்தவன் என்பது பிறகு தெரிகிறது. ஒருவன் நடிக்கிறான், மற்றவன் நடிப்பதுபோல நடிக்கிறான். கிரீனின் கைக்கிளை, அதாவது ஒருதலைக் காதல், வெளிப்படை. சாரவத்தின் கைக்கிளை மறைவு. அந்த மறைவே பார்ப்பவரைக் கட்டிப்போடுகிறது. துணை இணைகளும் காரணமில்லாமல் வரவில்லை. சாரவத்தின் நண்பன் மேன், தைனின் அண்ணன் டைப்பை நாடுகிறான். சாரவத்தின் தம்பி பூகோங், மில்லை நாடுகிறான். கிரீனும் இசைக்குழுத் தலைவன் டிம்மோடு சேர்கிறான். பாங்கனாக வந்தவனுக்கும் ஒரு காதல் கிடைக்கிறது. தோழிக்கும் பாங்கனுக்கும் தனிவாழ்வு தராத கோவை மரபிலிருந்து தொடர் இங்கே விலகுகிறது. அந்த விலகல் நல்லது.

4.2 குறிஞ்சியும் முல்லையும். 2021இன் 'எ டேல் ஆஃப் தௌசண்ட் ஸ்டார்ஸ்' மலைக்கிராமத்தில் நடக்கிறது. இதய மாற்று சிகிச்சையில் உயிர் பிழைத்த பணக்கார வீட்டுப் பையன் தியான், இதயம் தந்த பெண் வேலை செய்த மலைப்பள்ளிக்கே தன்னார்வ ஆசிரியனாகப் போகிறான். வனக்காவல் அதிகாரி பூபாவை அங்கே சந்திக்கிறான். மலையில் கூடல், பிறகு படிப்புக்காகப் பிரிவு, காத்திருப்பு. நிலமும் உணர்வும் இவ்வளவு பொருந்துவதைப் பார்க்கும் தமிழ் வாசகர் திணை மயங்காமல் கதையைப் பின்தொடர்வார்.

4.3 நெய்தலும் மருதமும். 2020இன் 'ஐ டோல்ட் சன்செட் அபௌட் யூ' ஐந்தே பகுதிகள். பூகெட் தீவின் கடற்கரையில் தேவும் ஓ-ஏவும் சீனமொழித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். சொல்ல முடியாத இரங்கல் முழுவதும் கடலருகே நிகழ்கிறது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகம் பாங்காக்குக்கு இடம் பெயர்கிறது. நாடகத்துறைக்குப் போன தே இன்னொருவனிடம் மனம் சாய்கிறான். நெய்தலின் ஏக்கம் நகரத்தின் ஊடலாகிறது. திருக்கோவையார் கடைசியில் வைத்த துறையை இத்தொடரும் கடைசியில் வைத்திருப்பது, காதலின் வரிசையை இரண்டும் ஒரேபோல் உணர்ந்ததைக் காட்டுகிறது.

4.4 அலரும் உடன்போக்கும். இந்த வகையின் முதிர்ந்த படைப்பு, நொப்பார்னாச் சாய்விமோல் இயக்கி 2021 அக்டோபர் முதல் 2022 ஜனவரி வரை வந்த 'பேட் பட்டி'. பாட்டும் ப்ரானும் பக்கத்து வீட்டுக்காரர்கள். இரு குடும்பத்துக்கும் தீராப் பகை. கல்லூரியிலும் ஒருவன் பொறியியல், மற்றவன் கட்டடக்கலை என்று அணிகள் மோதுகின்றன. களவு வெளிப்பட்டு அலர் (ஊர்ப்பேச்சு) ஆனதும் இருவரும் கடற்கரை ஊருக்கு ஓடிப்போகிறார்கள். பிறகு திரும்பி வந்து, பிரிந்துவிட்டதாகப் பெற்றோரிடம் காட்டிக்கொண்டே வருடக்கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உண்மையைச் சொல்லும் அறத்தொடு நிற்றல் இங்கே பாதியில் நிற்கிறது. வீட்டாருக்குத் தெரியும், தெரியாததுபோல் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு இந்த முடிவு புதிதாகத் தோன்றாது.

5. இரவல் குரல்

இத்தொடர்கள் மீது அடிக்கடி வரும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. மூல நாவல்கள் பெரும்பாலும் பெண்கள் எழுதியவை, பார்ப்பவர்களிலும் பெண்களே மிகுதி. இது ஆண்களின் காதல் அன்று, அதைப் பற்றிய கனவு என்பது. குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. பழைய தொடர்கள் பலவற்றில் நாயகன் "எனக்கு ஆண்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும்" என்ற பொருளில் பேசுவான். ஒருவனைக் கணவன், மற்றவனை மனைவி என்று பிரித்து வைப்பதும் வழக்கம். சட்டமோ வேலையிடமோ அந்த உலகத்தில் எட்டிப் பார்ப்பது அரிது.

ஆனால் குரலை இரவல் வாங்குவதே பிழை என்றால் நம் அகமரபு நிற்காது. தலைவி கூற்றுகளில் பெரும்பகுதி ஆண் புலவர்கள் பாடியவை. திருவெம்பாவையில் ஓர் ஆண், நீராடப் போகும் பெண்களாகப் பேசுகிறார். அவரை யாரும் பொய்யர் என்று சொல்லவில்லை. காரணம், அதே பாவை மரபில் ஆண்டாளின் 30 பாடல்களும் இருக்கின்றன. சொந்தக் குரலும் இரவல் குரலும் அருகருகே நின்றதால் ஒன்றை மற்றதன் இடத்தைப் பறித்ததாக யாரும் எண்ணவில்லை. ஆகவே தாய்லாந்துத் தொடர்களிடம் கேட்க வேண்டியது, யார் எழுதினார்கள் என்பதைவிட, இந்தக் காதலை வாழ்கிறவர்கள் எழுதியது பக்கத்தில் இருக்கிறதா என்பதே.

6. இரு தலைவர்கள்

கோவையில் தலைவர் இருவர். காதலிக்கும் கிளவித் தலைவனுக்குப் பெயர் இல்லை; போற்றப்படும் பாட்டுடைத் தலைவனுக்குப் பெயர் உண்டு. திருக்கோவையாரில் தில்லைப் பெருமான் பாட்டுடைத் தலைவர், காதலிப்பவர் அவரல்லர். இந்த வேலி உறுதியானது.

தாய்லாந்துத் தொழில் இந்த வேலியைத் தெரிந்தே எடுத்துவிட்டது. சாரவத் கிளவித் தலைவன், அவனாக நடித்த பிரைட் வச்சிரவித் பாட்டுடைத் தலைவன் எனலாம். ஆனால் பிரைட், வின் மேத்தாவின் என்ற இரு நடிகர்களின் பெயர்களையும் ஒட்டி ஒரே பெயராக்கி ரசிகர்கள் அழைக்கிறார்கள். தொடர் முடிந்த பிறகும் அந்த இணை விளம்பரங்களிலும் ரசிகர் சந்திப்புகளிலும் தொடர்ந்தது. ஆஃப்பும் கன்னும், டேயும் நியூவும், எர்த்தும் மிக்ஸும் என்று தொடர்தோறும் ஒரே இணையை நடிக்கவைப்பதும் அந்த வியாபாரத்தின் பகுதி. விளைவாக, நடிகரின் சொந்த வாழ்வு மீதும் கதைமாந்தரின் கற்பு சுமத்தப்படுகிறது. அவருக்கு வேறொருவரோடு உறவிருந்தால் ரசிகர் அதைப் பரத்தையிற் பிரிவாகவே எடுத்துக்கொள்கிறார்.

நடிகர் எவ்வளவு தூரம் பொதுச்சொத்தாகிறார் என்பதற்கு 2020 ஏப்ரல் சாட்சி. ஹாங்காங்கை நாடு என்று குறித்த ஒரு ட்விட்டர் பதிவை பிரைட் விரும்பியதாகச் சீன ரசிகர்கள் கொதித்தெழ, தாய்லாந்து, தைவான், ஹாங்காங் இளையோர் ஒன்றுசேர்ந்து பதிலடி கொடுத்தார்கள். 'பால் தேநீர்க் கூட்டணி' என்ற அரசியல் பெயர் அங்கே பிறந்தது. காதல் தொடரின் அலர் ஜனநாயகப் பேச்சாகும் என்று அதைத் தயாரித்தவர்களே எண்ணியிருக்க மாட்டார்கள்.

7. வரைவு

களவு எவ்வளவு இனித்தாலும் தோழி வரைவு கடாவுவாள். ஊரறிய மணந்துகொள் என்று தலைவனை நெருக்குவதற்கே கோவையில் பல பாடல்கள். தாய்லாந்தில் இந்த வரைவு 2024 ஜூன் 18 அன்று மேலவையில் நிறைவேறி, 2025 ஜனவரி 23 அன்று நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்காசியாவில் தன்பால் திருமணத்தை ஏற்ற முதல் நாடு அது. தொடர்களால்தான் சட்டம் வந்தது என்பது மிகை. அதற்குப் பின்னால் செயற்பாட்டாளர்களின் நீண்ட உழைப்பு இருக்கிறது. ஆனால் சட்டம் வந்தபோது அதைப் புரிந்துகொள்ளும் வீட்டுக்கூடங்களைத் தொடர்கள் பல ஆண்டுகளாகத் தயார் செய்திருந்தன.

இந்தியாவில் வரிசை தலைகீழ். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், ஒருமித்த தன்பால் உறவு குற்றமில்லை என்றது. 2023 அக்டோபர் 17 அன்று திருமண உரிமையை மறுத்தது. இடையில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் தந்த ஆணை தனித்து நிற்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு அது. பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்திருந்தார்கள். நீதியரசர் தமக்கே இதில் தெளிவு போதாது என்று உணர்ந்து, மனநல ஆலோசகரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டு தீர்ப்பெழுதினார். தன்பால் ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அகமரபின் கண்ணில் இது உடன்போக்கு. சுரத்திடைக் கண்டவர்கள் இருவரையும் வாழ்த்தி வழியனுப்பும் துறை நம்மிடம் உண்டு. இங்கே கண்டோர் இடத்தில் நீதிமன்றம் நின்றது. 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று, மணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியன்று, தேர்ந்தெடுத்த உறவும் குடும்பமே என்றது.

நம் திரை இதற்கு ஈடாக என்ன தந்தது? 2006இன் 'வேட்டையாடு விளையாடு' வில்லன்களுக்குத் தன்பால் ஈர்ப்பின் சாயலைக் கொடுத்தது. 2010இன் 'கோவா' ஓர் ஆண் இணையைச் சிரிப்போடு காட்டியது. 2022இன் 'நட்சத்திரம் நகர்கிறது' நாடகக் குழுவுக்குள் அவர்களை மற்றவர்களுக்குச் சமமாக உட்காரவைத்தது. மலையாளத்தில் 2023இன் 'காதல்: த கோர்' துணிச்சலானது, ஆனால் கதை விவாகரத்தில் தொடங்குகிறது. காதல் பிறந்த கணத்தை நாம் காண்பதில்லை.

8. முடிவு

தாய்லாந்துத் தொடர்களின் வலிமை களவு. குறை, வரைவைத் தள்ளிப்போட்டதும் நடிகரைத் தலைவனோடு கலந்ததும். சட்டம் வந்த பின் அங்கே வரைவைத் தள்ளிப்போடச் சாக்கு இல்லை. இனிவரும் தொடர்கள் வாடகை வீடு, மாமியார், முதுமை என்று கற்பியலுக்குள் போயாக வேண்டும்.

தமிழ்நாட்டின் நிலை வேறு. உடன்போக்குக்கு இங்கே வழக்கெண் இருக்கிறது. கண்டோர் கூற்றுக்குத் தீர்ப்பு இருக்கிறது. களவுக்குப் பாட்டு இல்லை. காதலிக்கும் இரு இளைஞர்களைத் தமிழ்ச் சமூகம் முதன்முதலாகச் சந்திக்கும் இடம் காவல் நிலையமாகவோ நீதிமன்றமாகவோ இருப்பது இதனால்தான். காட்சி, தயக்கம், குறியிடம், பாங்கனின் கேலி, அலர் என்று முன்துறைகளைப் பார்த்துப் பழகாத பெற்றோருக்கு அறத்தொடு நிற்றல் இடியாகத்தான் இறங்கும். அத்துறைகளைத் தமிழில், தமிழ் ஊர்களில், இந்தக் காதலை வாழ்கிறவர்களே எழுதி நடிக்கும் தொடர் ஒன்று வர வேண்டும். அதற்கான இலக்கணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கைவசம் இருக்கிறது. பணம் போடுகிறவரும் ஒளிபரப்புகிறவரும்தான் இன்னும் கிடைக்கவில்லை.