சத்தத்தைக் கூட்டியவர்களும் குறைக்கப் பாடுபட்டவர்களும்: வால்வு அம்பிளிபயரின் கதை



இந்தமுறை நாங்கள் எடுத்திருப்பது கொஞ்சம் வித்தியாசமான வரலாறு. கிற்றாருக்கென்று கையால் செய்யப்பட்ட வால்வு அம்பிளிபயரின் வரலாறு. "எங்கட ஊருக்கும் அதுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. கடைசி வரை வாசியுங்கள்.

வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு பகுதியைச் சூடாக்கினால் அதிலிருந்து இலத்திரன்கள் புறப்பட்டு எதிரே உள்ள தகட்டுக்குப் பாயும். இதை 1904இல் இங்கிலாந்தில் ஜோன் அம்புறோஸ் பிளெமிங் செய்து காட்டினார். 1906இல் அமெரிக்கரான லீ டி பொறெஸ்ற் நடுவில் மூன்றாவதாக ஒரு கம்பியை வைத்தார். எல்லாவற்றையும் மாற்றியது அந்தக் கம்பிதான். அதற்குக் கொடுக்கும் மிகச்சிறிய மின்னழுத்தம், தகட்டுக்குப் பாயும் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். வவுனிக்குளத்துத் துருசை நினைத்துப் பாருங்கள். ஒரு மனிதன் கையால் திருப்புகிறான், வாய்க்காலில் குளத்துத் தண்ணீர் கூடிக் குறைகிறது. பிள்ளைகள் பாடத்தில் படிக்கும் 'விரியலாக்கி' செய்வதும் இதுதான்.

1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது வால்வுகளை நம்பித்தான். கரண்ட் இல்லாத இடங்களுக்கு உலர் பற்றரியில் ஓடும் வால்வு றேடியோக்கள் வந்தன. வால்வைச் சூடாக்க 1.5 வோல்ற்றில் ஒரு பற்றரி, தகட்டுக்கு 90 வோல்ற்றில் இன்னொரு பற்றரி என்று இரண்டு தேவைப்பட்டன. கரண்டில் ஓடிய வால்வு றேடியோ போட்டவுடன் பாடாது, சூடேறிய பிறகுதான் பாடும். மூத்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.

இனிக் கிற்றாருக்கு வருவோம். 1930களில் மின்சாரக் கிற்றார் வந்தது. அதற்கு அம்பிளிபயர் செய்தவர்களில் பெயர்பெற்றவர் லியோ பெண்டர். கலிபோர்னியாவில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். அவருடைய 'பாஸ்மன்' என்ற அம்பிளிபயர் 1950களில் புகழ்பெற்றது. லண்டன் ஹன்வெல் பகுதியில் ட்ரம் கடை நடத்திய ஜிம் மார்ஷலிடம் வந்த இளைஞர்களுக்கும் அப்படியொன்று தேவைப்பட்டது. ஆனால் அமெரிக்கப் பொருளுக்கு விலை அதிகம். 1962இல் கென் பிரான் என்ற திருத்துநரும் டட்லி கிறேவன் என்ற இளைஞரும் பாஸ்மனின் சுற்றைப் பார்த்து, இங்கிலாந்தில் கிடைத்த பாகங்களைப் போட்டுத் தாங்களே ஒன்றைச் செய்தார்கள். பாகங்கள் மாறியதால் சத்தத்தின் சுவையும் மாறியது. உலகம் முழுக்கப் பரவிய மார்ஷல் அம்பிளிபயர் இப்படித்தான் பிறந்தது. இல்லாததை இருப்பதைக் கொண்டு செய்வது எங்கள் வன்னிக்கு மட்டும் உரிய கலையல்ல.

அடுத்து வந்தது போட்டி. மண்டபங்கள் பெருத்தன, சனம் கூடியது, கலைஞர்கள் இன்னும் சத்தம் கேட்டார்கள். 1965 அளவில் 'த ஹூ' குழுவினர் கேட்டதால் மார்ஷல் 100 வாற்று அம்பிளிபயர் செய்தார்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. வால்வை அதன் எல்லைக்கு மேல் தள்ளினால் ஒலி அலையின் உச்சி சற்று மழுங்கி வளையும். அதனால் மூல ஒலியோடு புதிய மேற்சுரங்களும் சேரும். கிற்றார் வாசிப்பவர்கள் தேடிய இனிமை அந்த முறுக்கில்தான் இருந்தது. ஆனால் 100 வாற்று அம்பிளிபயரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தால் வீட்டில் யாரும் இருக்க முடியாது. வொலியூமைக் குறைத்தாலோ இனிமை போய்விடும். இனிமையும் வேண்டும், அயலவருக்குத் தொல்லையும் இருக்கக்கூடாது. இதற்கு என்ன வழி?

அடுத்த பல ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு போயின. வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

1975இல் மார்ஷல் 'மாஸ்ரர் வொலியூம்' என்ற குமிழை வைத்தது. முன்வரிசைச் சிறிய வால்வுகள் முறுகும், கடைசிப் பெரிய வால்வுகளுக்குக் கொஞ்சமே போகும். பாதிச் சுவைதான் கிடைத்தது.

1980ஐ அடுத்து, பொஸ்ரன் இசைக்குழுவின் பொறியியலாளரான ரொம் ஷோல்ஸ் 'பவர் சோக்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். அது அம்பிளிபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று பெரும்பகுதி வலுவை வெப்பமாக விழுங்கிவிடும். ஆனால் அம்பிளிபயர் முழுமூச்சில் ஓடுவதால் வால்வுகள் கெதியில் தேயும்.

சிலர் 'வேரியக்' போட்டு, வரும் மின்னழுத்தத்தையே குறைத்தார்கள். அப்போது வால்வைச் சூடாக்கும் மின்னழுத்தமும் சேர்ந்து குறைகிறது. அது வால்வுக்கு நல்லதல்ல.

கனடாவின் கெவின் ஓ'கொனர் 'பவர் ஸ்கேலிங்' என்ற முறையைத் தந்தார். சூடாக்கும் மின்னழுத்தத்தைத் தொடாமல், பெரிய வால்வுகளின் உயர் மின்னழுத்தத்தை மட்டும் குறைத்து, அதற்கேற்பக் கம்பியின் மின்னழுத்தத்தையும் சரிசெய்வது. துருசை மூடாமல் குளத்தின் நீர்மட்டத்தையே இறக்குவது போல. கையால் அம்பிளிபயர் கட்டுபவர்கள் இன்று விரும்பிச் சேர்க்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 100 வாற்றை 50 ஆக்கினால் சத்தம் பாதியாகாது. 3 டெசிபெல் மட்டுமே குறையும். காதுக்குப் பாதியாகத் தோன்ற ஏறக்குறைய 10 வாற்றுக்கு இறங்க வேண்டும். நல்ல கிற்றார் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாற்றுக் கொடுத்தாலே ஒரு அறை நிறையும்.

இந்தக் கணக்கை வன்னி வேறு வழியால் படித்தது. 1990இல் போர் மீண்டும் வெடித்தபின் மின்சாரம் போனது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் சேர்ந்தது. அப்போது எங்கள் சனம் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டது. வழமையான டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று. அது தருவது ஆடலோட்டம். இருவாயிகள் போட்டு நேரோட்டமாக்கி, கொள்ளளவி ஒன்றால் சீராக்கினால் றேடியோ பாடும். ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து செய்தி கேட்டார்கள். வேகம் குறைந்தால் குரல் தளரும். மிதிப்பவரின் காலே பவர் கன்றோல்! ஒரு கூட்டத்துக்கு 3 வாற்றே போதுமாயிருந்தது.

இன்று கரண்ட் இருக்கிறது, நூற்றுக்கணக்கான வாற்றும் இருக்கிறது. கோயில் திருவிழா, பள்ளிவாசல், தேவாலயம், விளையாட்டுப் போட்டி, கலியாணம் எல்லாவற்றிலும் பெட்டி அடுக்குகிறோம். 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. வழக்கு வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி பற்றியது. ஆனால் பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்ற கட்டுப்பாடு எல்லா மதத்தவருக்கும் பொதுவானது. எங்கள் பள்ளிவாசலுக்கும் அதே சட்டம்தான் என்பதை நாங்களே முதலில் சொல்கிறோம்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. பகல் நேரத்துக்கு அனுமதி இருக்கலாம். ஆனால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, நோயாளி, கைக்குழந்தை, போர்ச்சத்தத்தை இன்னும் மறக்காத முதியவர் எல்லோரும் அதே ஒழுங்கையில்தான் இருக்கிறார்கள். கூட்டத்துக்குக் கேட்டால் போதும், அடுத்த கிராமத்துக்குக் கேட்கத் தேவையில்லை. ஒரு பெரிய ஹோர்னைத் தூர வீசுவதை விட, சிறிய பெட்டிகள் நாலைந்தைக் கூட்டத்துக்கு அருகில் வைத்துக் குறைவாகப் போடுங்கள். சொல்லும் தெளிவாக விளங்கும். கமிற்றிக்காரரும் சவுண்ட் சேர்விஸ் தம்பிமாரும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அம்பிளிபயர் கட்ட ஆசைப்படும் மாணவர்களுக்கு ஒரு சொல். வால்வில் தொடங்காதீர்கள். உள்ளே 400 வோல்ற்றுக்கு மேல் இருக்கும். சுவிச்சை நிறுத்திய பிறகும் கொள்ளளவியில் அது தங்கி ஆளைக் கொல்லும். 9 வோல்ற்றுப் பற்றரியில் ஓடும் சிறிய திரான்சிஸ்ரர் சுற்றில் தொடங்குங்கள். பிறகு அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்தில் நின்று பழகுங்கள்.

சத்தத்தைக் கூட்டுவதற்குச் சில ஆண்டுகளே தேவைப்பட்டன. கெடாமல் குறைப்பதற்குத்தான் கெட்டிக்காரர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். அந்தக் குமிழ் இன்று எங்கள் கைக்குள் இருக்கிறது. அதை இடப்பக்கமாகவும் திருப்பலாம்.

டைனமோவில் றேடியோ கேட்டவர்கள், வால்வு றேடியோ திருத்தியவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். எங்கள் பிள்ளைகள் அதை வாசிக்க வேண்டும்.