பாடர்போர்னின் பாலர் காப்பகம்

கல்வியாளர் ஃப்ரோபெல் தமது பாலர் பள்ளிக்குக் கிண்டர்கார்ட்டன் என்று நாமகரணம் செய்த 1840ஆம் வருஷத்திலேயே, ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரத்தில், வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் சிறு பாலகர்களைப் பகற்பொழுதெல்லாம் பேணிப் பயிற்றும் காப்பகமொன்றை, பிரஷ்ய அதிகாரி ஒருவரின் புதல்வியான பவுலினா ஃபான் மாலின்க்ரோட் ஆரம்பித்தார். கல்விச் சரித்திரம் எழுதுவோர் முன்னவரை விஸ்தாரமாகப் போற்றிப் பின்னவரை மறந்துவிடுவது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. 1842இல் பார்வையற்ற குழந்தைகளையும் ஏற்றுக்கொண்ட பவுலினா, இப்பணி தம்மோடு அஸ்தமித்துவிடலாகாதென்று கருதி, 1849இல் கிறிஸ்தவ அன்பின் சகோதரிகள் என்னும் சபையை ஸ்தாபித்துத் தாமும் துறவு பூண்டார். பிற்காலத்தில் பிஸ்மார்க்கின் அரசாங்கம் கத்தோலிக்கத் திருச்சபையோடு தொடுத்த போராட்டத்தில் கன்னியரிடமிருந்து பள்ளிகள் பறிக்கப்படவே, தலைமை மடத்தைப் பெல்ஜியத்துக்கு மாற்றி, அமெரிக்காவுக்குச் சகோதரிகளை அனுப்பி, தாமே இருமுறை கடல் கடந்து சென்று அவர்களைக் கண்டுவந்தார். 1881இல் பாடர்போர்னிலேயே காலமான அவரை 1985இல் திருச்சபை அருளாளராக அறிவித்தது.