மேயரைத் தேர்ந்தெடுப்பது யார்? தமிழ்நாட்டில் ஒரு விதியின் ஊசலாட்டம், 1996–2022

ஒன்றிய, மாவட்ட ஊராட்சித் தலைவர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசமைப்பின் 73ஆவது திருத்தம் கட்டிப்போட்டது. நகர்ப்புறத்துக்கான 74ஆவது திருத்தத்தில் அந்தக் கட்டு இல்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அது மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டது. தமிழ்நாட்டை மாறிமாறி ஆண்ட இரு கட்சிகளும் அந்த உரிமையைத் தத்தம் தேர்தல் கணக்குக்கு ஏற்பவே கையாண்டன என்பது இக்கட்டுரையின் வாதம்.

சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டு 23 ஆண்டுகள் தேர்தலின்றிக் கிடந்தது. 1996இல் திமுக ஆட்சியில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர், மு.க. ஸ்டாலின் வென்றார். 2001இல் கோட்டை அதிமுகவிடம் போன பிறகும் அவரே மீண்டும் மேயரானார். எந்த ஆளுங்கட்சிக்கும் இது உறுத்தும். ஒருவரே இரு பதவிகள் வகிக்கத் தடைவிதிக்கும் சட்டம் 2002இல் வந்தது. சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த ஸ்டாலின் மேயர் பதவியை இழந்தார்.

2006 சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்குக் கிடைத்தவை 96 இடங்கள். ஆட்சி தோழமைக் கட்சிகளின் தயவில் நடந்தது. மேயரை மன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் வந்தது. வார்டுகளை முதலில் பங்கிட்டுவிட்டு, நாற்காலிப் பேச்சை முடிவு வந்த பின் வைத்துக்கொள்ள இம்முறை வழிசெய்தது. உள்ளாட்சித் துறை அமைச்சர், நேரடித் தேர்தலில் இருமுறை வென்ற அதே ஸ்டாலின். 2011இல் பெரும் வெற்றியோடு வந்த அதிமுகவுக்குத் தோழமைக் கட்சிகளின் தேவை இல்லை. நேரடித் தேர்தல் திரும்பியது. அக்கட்சி தனித்து நின்று 10 மாநகராட்சிகளையும் அள்ளியது.

ஜூன் 2016இல் அதே கட்சி மறைமுக முறைக்குத் தாவியது. மேயர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்றானால் நிர்வாகம் முடங்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். அது பொய்யான காரணமல்ல. ஆனால் 2011இல் அது ஏன் தோன்றவில்லை? சில வாரங்களுக்கு முன்தான் சென்னையின் 16 சட்டமன்றத் தொகுதிகளில் 10 திமுகவிடம் போயிருந்தன. அந்த ஆண்டுத் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததால் புதிய விதி சோதனைக்கே வரவில்லை. மாநகராட்சிகள் தனி அலுவலர்கள் கையில் சென்றன.

2018இல் மீண்டும் நேரடித் தேர்தல் என்று திருத்தினார்கள். இந்தத் திருப்பத்துக்கு மட்டும் தெளிவான கட்சிக் கணக்கைக் காட்டுவது கடினம். 2019 மக்களவைத் தேர்தலில் தேனியைத் தவிர எல்லாத் தொகுதிகளையும் அதிமுக கூட்டணி இழந்தது. தோழமைக் கட்சிகளோ மேயர் பதவிகளில் பங்கு கேட்டன. நவம்பரில் அவசரச் சட்டம் வந்து மறைமுக முறை மூன்றாம் முறையாகத் திரும்பியது.

அதை எதிர்த்த திமுக, 2021இல் ஆட்சிக்கு வந்ததும் அதைத் தொடவில்லை. 2022இல் 21 மாநகராட்சிகளும் அதன் கூட்டணிக்கே கிடைத்தன. தோழமைக் கட்சிகளுக்கு ஒதுக்கிய சில நகராட்சி, பேரூராட்சித் தலைவர் பதவிகளைத் திமுகவினரே பிடித்துக்கொள்ள, தலைமை அவர்களை விலகச் சொல்ல வேண்டியதாயிற்று.

இத்தனை இழுபறியும் நிர்வாக அதிகாரம் பெரிதும் ஆணையரிடம் இருக்கும் ஒரு பதவிக்காக. ஆணையரை நியமிப்பது மாநில அரசு. அந்த விதியை மாற்ற எந்தக் கட்சியும் அவசரச் சட்டம் கொண்டுவரவில்லை. நேரடியா மறைமுகமா என்ற விவாதத்தில் இரு பக்கமும் நியாயம் உண்டு. எதைத் தேர்ந்தாலும், திருத்தம் அடுத்த தேர்தலுக்குப் பொருந்தாது, அதற்கடுத்த தேர்தலிலிருந்தே நடைமுறைக்கு வரும் என்று சட்டமன்றம் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.