மூட்டை சுமந்த விமானிகள்



விமானி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது எது? மிடுக்கான உடை, தோளில் பொன்னிறப் பட்டைகள், நூற்றுக்கணக்கான பயணிகளை ஏற்றி நிற்கும் பெரிய விமானம் ஆகியவையே. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றைப் புரட்டினால், விமானத் தொழிலைத் தாலாட்டி வளர்த்தவை தபால் மூட்டைகளே என்பது புலனாகும். குறித்த நேரத்தில், குறித்த வழியில், சம்பளத்திற்குப் பறந்த முதல் விமானிகள் அங்கே மூட்டை சுமந்தவர்கள். விமானிக்கு என்ன ஊதியம்? எத்தனை மணி நேர வேலை? எப்பொழுது உயர்வு? இம்மூன்று கேள்விகளும் அவர்களிடையேதான் எழுந்தன. அவற்றுக்கு விடை கிடைத்த வரலாற்றையும், அவ்விடையின் முழுப் பயன் மூட்டை சுமப்பவர்களையே எட்டாமற் போன விந்தையையும் இன்று காண்போம்.

1918-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள், வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஒழுங்கான விமானத் தபால் தொடங்கிற்று. முதலில் இராணுவ விமானிகள் பறந்தனர். குடியரசுத் தலைவர் வில்சன் முன்னிலையில் வாஷிங்டனிலிருந்து கிளம்பிய முதல் விமானி வழி தவறி வேறெங்கோ இறங்கினார் என்பது சுவையான செய்தி. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் தபால் இலாகாவே பொறுப்பை ஏற்றுத் தன் சொந்த விமானிகளை அமர்த்தியது.

அவர்களுக்கு வானொலித் தொடர்பு இல்லை. வானிலை அறிக்கை என்று நம்பத்தக்கது ஏதுமில்லை. திறந்த இருக்கையில் அமர்ந்து, இருப்புப் பாதையையும் ஆற்றையும் அடையாளமாகக் கொண்டு பறந்தனர். ஊதியம் இரு பகுதிகளாய் அமைந்தது: ஒன்று, நிலையான ஆண்டுச் சம்பளம், மற்றொன்று, பறந்த தொலைவுக்கேற்ற படி. மைலுக்கு 5 முதல் 7 சென்ட் வரை அப்படி வழங்கப்பட்டது. இரவில் பறந்தால் அது இரு மடங்கு. அக்காலத் தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டால் இது நல்ல வருவாய்தான். ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன? தபால் இலாகா விமானங்களை நடத்திய 1918 முதல் 1927 வரையிலான காலத்தில் முப்பதுக்கு மேற்பட்ட விமானிகள் உயிரிழந்தனர்.

இந்நிலையில் 1919-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு சிறு நிகழ்ச்சி நேர்ந்தது. அடர்ந்த மூடுபனியில் பறக்க இயலாதென்று இரு விமானிகள் மறுத்தனர். தபால் இலாகாவின் உயர் அதிகாரியான ஆட்டோ பிரேகர், காலந்தவறாமையைத் தெய்வமாகப் போற்றியவர். இருவரையும் வேலையினின்று நீக்கினார். உடனே ஏனைய விமானிகளும் வேலைநிறுத்தம் செய்தனர். சில நாட்களில் உடன்பாடு ஏற்பட்டது. வானிலை கெட்டிருக்கையில் நிலைய மேலாளர் பறக்க வற்புறுத்தினால், முதலில் அவரே வானில் ஏறிச் சோதித்துக் காட்டல் வேண்டும் என்பது அதன் சாரம். நீக்கப்பட்ட இருவருள் ஒருவர் மட்டுமே மீண்டும் வேலை பெற்றார். ஆயினும் ஒரு கொள்கை நிலைபெற்றது. கால அட்டவணை எழுதுபவர் தரையில் அமர்ந்திருக்கிறார். அதன்படி பறப்பவரோ தம் உயிரைப் பணயம் வைக்கிறார். ஆகவே, பறப்பவரின் சொல்லுக்கும் இடம் வேண்டும் என்பதே அக்கொள்கை.

கால அட்டவணையின் கொடுமைக்கும், அதனை வென்ற மனிதத் துணிவுக்கும் 1921-ஆம் ஆண்டு பிப்ரவரி 22, 23 ஆகிய நாட்கள் சான்று. கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு இரவும் பகலும் இடைவிடாமல் தபாலைக் கொண்டு செல்ல முயன்றனர். புறப்பட்ட விமானிகளுள் ஒருவர் நெவாடாவில் விபத்துக்குள்ளாகி மாண்டார். ஜாக் நைட் என்பவர் நள்ளிரவு கடந்து ஓமஹா நகரை அடைந்தபோது, அவருக்குப் பின் பறக்க வேண்டிய விமானி அங்கில்லை. தம் வேலை முடிந்ததென்று அவர் போய்விடவில்லை. அதற்குமுன் தாம் பறந்தறியாத வழியில், உழவர்கள் மூட்டிய தீயின் ஒளியைத் துணையாகக் கொண்டு சிகாகோ வரை பறந்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஏற்றிய தபால் 33 மணி 20 நிமிடங்களில் நியூயார்க்கை அடைந்தது. நாடு அவரைப் போற்றியது. ஆனால் ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாற்று விமானி வராதபோது களைத்தவரே மேலும் பறப்பது வீரமாகலாம். அதுவே வழக்கமாகிவிட்டால் அது தொழிலுக்கு ஆகாது. 1924-ஆம் ஆண்டு வழிநெடுக ஒளிவிளக்குக் கோபுரங்கள் அமைந்த பின்னரே ஒழுங்கான இரவுத் தபால் தொடங்கியது.

1925-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கெல்லி சட்டம், தபால் சுமக்கும் பணியைத் தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தின் மூலம் அளிக்க வழி வகுத்தது. சில விமானங்களும், விரல்விட்டு எண்ணத்தக்க விமானிகளுமே கொண்ட சிறு நிறுவனங்கள் தோன்றின. செயின்ட் லூயி நகருக்கும் சிகாகோவுக்கும் இடையே 1926-ஆம் ஆண்டு தபால் சுமக்கத் தொடங்கிய அத்தகைய நிறுவனம் ஒன்றில் தலைமை விமானியாக இருந்தவர் சார்லஸ் லிண்ட்பர்க். ஊர் ஊராகச் சென்று விமான வேடிக்கை காட்டியும், இராணுவத்தில் பயிற்சி பெற்றும் அப்பணிக்கு வந்தவர் அவர். அதே ஆண்டில் இருமுறை, இரவிலும் கெட்ட வானிலையிலும் சிக்கி, எரிபொருள் தீர்ந்து, பாராசூட் வழியாகக் குதித்து உயிர் பிழைத்தார். அடுத்த ஆண்டு மே மாதம் அட்லாண்டிக் மாகடலைத் தன்னந்தனியே கடந்து உலகப் புகழ் எய்தினார். மூட்டை சுமக்கும் பணி, உயர்பணிக்கு ஏறும் படிக்கட்டாக அன்றே அமைந்துவிட்டது.

நம் நாட்டு விமானப் போக்குவரத்தும் இவ்வாறே தொடங்கிற்று என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பயணிகள் எவரும் இல்லை. பின்னர் 1949-ஆம் ஆண்டு இரவு விமானத் தபால் ஏற்பட்டபோது, சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் கிளம்பிய விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியிற் கூடின. மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் தத்தம் நகரங்களுக்குத் திரும்பின. ஊர் உறங்கும்போது உழைப்பதே சரக்கு விமானியின் வாழ்க்கை என்பது எல்லா நாட்டிற்கும் பொதுவாயிற்று.

மீண்டும் அமெரிக்காவை நோக்குவோம். 1931-ஆம் ஆண்டு டேவிட் பென்கி என்ற விமானியின் முயற்சியால் சிகாகோவில் விமானிகள் சங்கம் தோன்றியது. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. வேலையற்ற விமானிகள் வாயிலில் காத்திருந்தனர். ஆகவே சம்பளத்தைக் குறைக்க நிறுவனங்களுக்குத் துணிவு பிறந்தது. இதனிடையே வேறொரு சிக்கலும் எழுந்தது. விமானங்களின் வேகம் பெருகியதால், மைல் கணக்கை விடுத்து மணிக் கணக்கில் ஊதியம் தர நிறுவனங்கள் விரும்பின.

இதன் நுட்பத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 600 மைல் வழியை மணிக்கு 100 மைல் வேகத்தில் கடக்க 6 மணி நேரம் ஆகும்; 150 மைல் வேகத்தில் 4 மணி நேரம் போதும். மைல் கணக்கானால் இரண்டிற்கும் கூலி ஒன்றே. மணிக் கணக்கானால் விமானிக்கு இரண்டு மணி நேரக் கூலி போய்விடும். நிறுவனத்திற்கோ அதே மூட்டை விரைவாகவும் போய்ச் சேரும், செலவும் குறையும். புதிய இயந்திரம் தரும் ஆதாயத்தில் அதனை இயக்குபவனுக்குப் பங்கு உண்டா என்பதே வழக்கு. இன்றும் எத்தனையோ தொழில்களில் எழும் வினா அல்லவா இது?

1934-ஆம் ஆண்டு மே மாதம் தேசியத் தொழிலாளர் வாரியம் தனது 83-ஆம் தீர்ப்பை வழங்கியது. பணியாண்டுகளுக்கேற்ற அடிப்படைச் சம்பளம், விமானத்தின் வேகத்திற்கேற்ப உயரும் மணிக்கூலி, அதற்குமேல் மைல் படி என மூவகையாலும் ஊதியம் கணக்கிடப்பட்டது. மாதத்திற்கு 85 மணி நேரத்திற்குமேல் பறக்கலாகாது என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. 1938-ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துச் சட்டம் இத்தீர்ப்புக்குச் சட்டத்தின் வலிமையை அளித்தது.

காலப்போக்கில் பணிமூப்பு வரிசையும் நிலைபெற்றது. நிறுவனத்தில் முன்னர்ச் சேர்ந்தவர் வரிசையில் முன் நிற்பார். எந்த வழியில் பறப்பது, எந்நாளில் ஓய்வு, எப்பொழுது துணை விமானி நிலையிலிருந்து தலைமை விமானியாவது ஆகிய அனைத்தையும் அவ்வரிசையே முடிவு செய்யும். மேலதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லாமற் செய்தது இதன் நன்மை. ஆனால் வேறு நிறுவனத்திற்கு மாறினால், எத்தனை ஆண்டு பழகியவரும் வரிசையின் கடைசியில் நின்றே மீண்டும் தொடங்க வேண்டும். இது இதன் குறை.

பின்னர்ப் பயணிகள் பெருகினர். தபால் பயண விமானத்தின் அடிப்பகுதியில் அடங்கிவிட்டது. சரக்குப் போக்குவரத்து தனித்தொழிலாக வளர்ந்தது. 1973-ஆம் ஆண்டு ஃபெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனம் மெம்பிஸ் நகரை நடுவிடமாகக் கொண்டு 14 சிறு விமானங்களுடன் இரவுப் பொதிச் சேவையைத் தொடங்கிற்று. 1977-ஆம் ஆண்டுச் சட்டம் சரக்கு விமானத் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. பெரிய விமானங்கள் இறங்க இயலாத சிற்றூர்களுக்குப் பொதிகளைக் கொண்டு செல்லச் சிறு நிறுவனங்கள் பல ஒப்பந்தம் பெற்றன. அவற்றின் விமானி பெரும்பாலும் தனியொருவர். விடியற்காலையில் நகரத்திலிருந்து பொதிகளுடன் கிளம்பிச் சிற்றூரில் இறங்குவார். பகல் முழுதும் அங்கேயே காத்திருப்பார். மாலையில் அவ்வூர்ப் பொதிகளை ஏற்றிக்கொண்டு திரும்புவார். பறக்கும் நேரம் இரண்டோ மூன்றோ மணிதான். ஆனால் நாள் முழுதும் அதற்கே போய்விடும்.

இத்தகைய வேலைக்கு இளைஞர்கள் ஏன் செல்கின்றனர்? அந்நாட்டில் 250 மணி நேரம் பறந்தவர் தொழில்முறை உரிமம் பெறலாம். ஆனால் கருவிகளின் துணைகொண்டு மேகத்தினூடே சரக்கு விமானத்தைத் தலைமை விமானியாக நடத்த 1,200 மணி நேர அனுபவம் வேண்டும். 2009-ஆம் ஆண்டு பஃபலோ நகருக்கருகே ஒரு பயணிகள் விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். அதன் விளைவாக 2010-இல் சட்டம் இயற்றப்பட்டது. 2013 முதல் பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் தேவையாயிற்று. அந்த நேரத்தைச் சேர்க்கும் படிக்கட்டுகளுள் ஒன்றே சிறு சரக்கு விமானம். படிக்கட்டில் நிற்பவன் விரைவில் ஏறிப் போய்விடுவான் என்ற நினைப்பினால், அப்படிக்கட்டைச் செப்பனிட எவரும் விரைவதில்லை.

அவ்விபத்தின் மற்றொரு விளைவு, விமானிகளின் ஓய்வு பற்றிய புதிய விதி. அது 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் செலவு மிகுதி, பயன் குறைவு என்ற கணக்கினால் சரக்கு விமானிகள் அதனின்று விலக்கப்பட்டனர். புதிய விதியின்படி பயணிகள் விமானி ஆண்டுக்கு 1,000 மணி நேரமே பறக்கலாம். சிறு சரக்கு விமானிக்குரிய பழைய விதியோ 1,400 மணி நேரம் வரை இடமளிக்கிறது.

அப்புதிய விதி நடைமுறைக்கு வருமுன், 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் விடியுமுன், பெரிய சரக்கு விமானம் ஒன்று பர்மிங்காம் நகர விமான நிலையத்தருகே வீழ்ந்து விமானிகள் இருவரும் இறந்தனர். இறங்கும் முறையில் நேர்ந்த தவறுகளை முதற்காரணமாகச் சுட்டிய விசாரணை வாரியம், களைப்பையும் துணைக் காரணங்களுள் ஒன்றாகக் குறித்தது. பயணிகள் விமானிக்கு ஒரு நீதி, சரக்கு விமானிக்கு ஒரு நீதியா என்பது குறித்து அவ்விருவரும் அன்று உரையாடியது விமானத்தின் ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகியிருந்தது.

மாணவர்களே, மாதம் 85 மணி நேரம் என்ற வரம்பை அன்று வென்றெடுத்தவர்களுள் பலர் தபால் மூட்டை சுமந்து பழகியவர்கள். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்தபின் எழுதப்பட்ட விதியோ, மூட்டை சுமப்பவர்களை வாயிலிலேயே நிறுத்திவிட்டது. பயணி வாய் திறந்து முறையிடுவான். அவன் மாண்டால் நாடு கேள்வி கேட்கும். மூட்டைக்கு வாயில்லை. ஆனால் மூட்டைக்கு முன்னால் அமர்ந்திருப்பவனுக்கு உறக்கமும் உண்டு, உயிரும் உண்டு. அவன் பறக்கும் வானமும், இறங்கும் நிலையமும், கீழே உறங்கும் ஊர்களும் எல்லோருக்கும் பொதுவானவை. உரிமையை ஒருமுறை பெற்றுவிட்டால் அது தானே நிலைத்துவிடும் என்று கருதுவது தவறு. ஒவ்வொரு தலைமுறையும் அதனைக் காத்தும் விரித்தும் வருதல் வேண்டும். 1919-ஆம் ஆண்டு மூடுபனியில் பறக்க மறுத்த அவ்விருவரும் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே.